நாடாளுமன்ற விவாதம் நம்ம ஊர் எல்லையைத் தொடுகிறதா?

திருநெல்வேலி மாவட்டம் வள்ளியூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "மின்சாரம், அணுசக்தி, காடு, சுற்றுச்சூழல் என்று ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் ஏதாவது மசோதா வருகிறது. ஒரு பக்கம் கத்துகிறார்கள், இன்னொரு பக்கம் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றுகிறார்கள். கூடங்குளமும் காற்றாலையும் கல்குவாரியும் இருக்கிற எங்கள் பகுதிக்கு அதனால் ஏதாவது மாறுகிறதா? மாறுகிறது என்றால் எங்களைப் போன்றவர்கள் எந்த இடத்தில் வாய் திறக்க முடியும்?"

மாறுகிறது, தம்பி. ஆனால் தொலைக்காட்சியில் நீங்கள் பார்க்கிற அந்தக் கூச்சல் நேரத்தில் மாறுவது குறைவு. அதற்கு முன்னால், எம்.பி.க்கள் சிலர் உட்கார்ந்து மசோதாவை ஆராய்கிற நிலைக்குழு அறையில் மாறுகிறது. அதற்குப் பின்னால் அமைச்சகம் எழுதுகிற விதிகளில் இன்னும் அதிகமாக மாறுகிறது. அதற்காக அவையில் நடக்கும் விவாதமே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். போதிய நேரம் கொடுத்து விவாதித்தால் என்ன நடக்கும் என்பதற்கு, கூடங்குளம் இருக்கிற ராதாபுரம் தாலுகாவையே தொட்ட ஒரு சட்டம் இருக்கிறது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

அணு உலையில் விபத்து நடந்தால் இழப்பீட்டை யார், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதற்கான மசோதா 2010 மே மாதம் மக்களவைக்கு வந்தது. உலையை நடத்துபவர் கொடுக்க வேண்டிய தொகைக்கு உச்சவரம்பு 500 கோடி ரூபாய் என்று அதில் இருந்தது. மசோதா அறிவியல், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், வனத்துறைகளுக்கான நிலைக்குழுவுக்குப் போனது. குழு துறை அதிகாரிகளையும் நிபுணர்களையும் அழைத்துக் கேட்டது. ஆகஸ்ட் நடுவில் அறிக்கை வந்தது. மக்களவை ஆகஸ்ட் 25ஆம் தேதியும் மாநிலங்களவை 30ஆம் தேதியும் நிறைவேற்றின. வெளியே வந்த சட்டத்தில் அந்த 500 கோடி 1500 கோடியாகியிருந்தது.

அதைவிடப் பெரிய சண்டை இன்னொரு பிரிவில் நடந்தது. உலைக்குப் பாகங்கள் விற்ற நிறுவனத்தின் குறைபாட்டால் விபத்து நேர்ந்தால், இழப்பீடு கொடுத்தவர் அந்த விற்பனையாளரிடம் திருப்பிக் கேட்கலாமா என்பதுதான் அந்தப் பிரிவு. விற்பனையாளர் வேண்டுமென்றே செய்தார் என்று நிரூபித்தால் மட்டுமே கேட்கலாம் என்ற பொருள் வரும்படி அரசு ஒரு திருத்தத்தைக் கொண்டுவரப் பார்த்தது. பாஜகவும் இடதுசாரிகளும் சேர்ந்து எதிர்த்தார்கள். வேண்டுமென்றே கெட்ட பாகம் விற்றான் என்று எந்த நீதிமன்றத்தில் யார் நிரூபிப்பது? அரசு அந்தத் திருத்தத்தைக் கைவிட்டது. குறைபாடு இருந்தாலே திருப்பிக் கேட்கலாம் என்ற நிலை சட்டமானது. ரஷ்யப் பாகங்களோடு உலைகள் எழுந்துகொண்டிருந்த ஒரு கடற்கரையில் குடியிருப்பவர்களுக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

இப்போது 2025 டிசம்பரைப் பாருங்கள். 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தையும் இந்த 2010 சட்டத்தையும் சேர்த்து நீக்கிவிட்டு, 'சாந்தி' என்ற சுருக்கப் பெயரோடு ஒரு புது மசோதா வந்தது. அணுமின் நிலையத்தைத் தனியார் நிறுவனங்களும் உரிமம் பெற்று நடத்தலாம் என்றது. 2010இல் அவ்வளவு போராடி வாங்கிய, விற்பனையாளரின் குறைபாட்டுக்குத் திருப்பிக் கேட்கும் உரிமை அதில் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலோ, வேண்டுமென்றே செய்திருந்தாலோதான் கேட்க முடியும். 15ஆம் தேதி அறிமுகம், 17ஆம் தேதி மக்களவை, 18ஆம் தேதி மாநிலங்களவை. குழுவுக்கு அனுப்புங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன, அனுப்பவில்லை. அந்தச் சட்டத்தில் நல்லதும் உண்டு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து வேண்டும் என்று பல வருடமாகக் கேட்டுவந்தது அதில் கிடைத்தது. ஆனால் உலையை நம் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருக்கிற நமக்கு, நான்கு நாளில் முடிந்த அந்த வேகம் மன்னிக்க முடியாதது. நான்கு நாளில் கூத்தங்குழியிலோ பெருமணலிலோ இருக்கிற ஒருவர் மசோதாவின் நகலை எடுத்துப் படித்து முடிக்கவே முடியாது, கருத்துச் சொல்வது அப்புறம்.

அதனால் ஒரு மசோதா வந்தால் நான் முதலில் பார்ப்பது, அது நிலைக்குழுவுக்குப் போகிறதா என்பதைத்தான். யார் என்ன பேசினார்கள் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 1993இல் துறைவாரி நிலைக்குழுக்கள் வந்தன. குழுவில் எல்லாக் கட்சி உறுப்பினர்களும் இருப்பார்கள், கேமரா இருக்காது, கட்சிக் கொறடாவின் கட்டளையும் இருக்காது. அதனால் அங்கே ஒரு எம்.பி. தன் கட்சி அரசின் மசோதாவிலேயே குறை சொல்ல முடிகிறது. 2009 முதல் 2014 வரை இருந்த மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 2019 முதல் 2024 வரை இருந்த மக்களவையில் அது 16 சதவீதம்.

குழு ஒரு மசோதாவை எடுத்தால் பொதுமக்கள் கருத்து அனுப்பலாம் என்று விளம்பரம் வரும். பெரும்பாலும் பதினைந்து நாள் அவகாசம். யாரும் எழுதலாம். விவசாயி எழுதலாம், மீனவர் எழுதலாம், கல்லூரி மாணவர் எழுதலாம். நேரில் வந்து பேச விரும்புகிறேன் என்று குறிப்பிட்டால் குழு அழைக்கவும் கூடும். ஒரு தடை இருக்கிறது. ஆங்கிலத்திலோ இந்தியிலோ அனுப்பச் சொல்வார்கள். உவரியில் இருக்கிற ஒருவர் தன் கடலைப் பற்றித் தன் நாடாளுமன்றக் குழுவிடம் தமிழில் சொல்ல முடியாது என்பது எனக்கு ஆறாத மனக்குறை. ஆனாலும் அதற்காக விட்டுவிடக் கூடாது. நம் பக்கத்து வக்கீல்களும் ஆசிரியர்களும் ஒரு பக்கம் மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதும். அனுப்பியது குழுவின் ஆவணத்தில் சேர்ந்துவிடும்.

குழுவுக்குப் போனால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் 2023 மார்ச்சில் வந்தது. அதை வழக்கமான சுற்றுச்சூழல் நிலைக்குழுவுக்கு அனுப்பாமல் தனியாக ஒரு கூட்டுக் குழு அமைத்தார்கள். அந்த நிலைக்குழுவின் தலைவராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் அப்போதே ஆட்சேபித்தார். நாடு முழுவதிலுமிருந்து ஆட்சேபங்கள் வந்தன. கூட்டுக் குழு ஒரு வரியையும் மாற்றச் சொல்லாமல் அறிக்கை கொடுத்தது, சில உறுப்பினர்கள் மாற்றுக் கருத்தை எழுதி இணைத்தார்கள். மணிப்பூரைப் பற்றி விவாதிக்கக் கேட்டு எதிர்க்கட்சிகள் முழக்கமிட்டுக்கொண்டிருந்த ஜூலை 26ஆம் தேதி மக்களவையில் அது நிறைவேறியது. மாநிலங்களவையில் ஆகஸ்ட் 2.

நம் மாவட்டத்தில் அதன் பொருள் என்ன? களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் 1988இலேயே அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அதற்கு ஆபத்து வராது. கங்கைகொண்டானில் சிப்காட் பக்கத்தில் புள்ளிமான்களுக்காக 2013இல் அறிவித்த 288 ஹெக்டேர் சரணாலயமும் அப்படித்தான். அரசிதழில் காடு என்று ஏறிவிட்ட இடம் எல்லாம் காடுதான். பிரச்சினை ஏறாத இடத்தில். நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் போனால் உடைமரமும் முள்ளும் மண்டிய புறம்போக்குகளும் கரடுகளும் இருக்கின்றன. மான் அங்கேயும் மேய்கிறது, மயில் அங்கேயும் முட்டை இடுகிறது. 1996இல் கோதாவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் என்ன இருந்தாலும் அகராதிப்படி காடாக இருப்பதெல்லாம் காடுதான் என்றது. அந்தப் பாதுகாப்பைத்தான் 2023 திருத்தம் சுருக்கியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவாகப் பழைய பொருளையே பின்பற்றச் சொன்னது. எனவே ஊரில் அப்படி ஓர் இடம் இருந்தால், அதைப் பற்றிய பழைய பதிவேடு, வனத்துறைக் கடிதம் எது இருந்தாலும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு என்று வந்தால் அதுதான் பேசும்.

சரி, இப்போது விதிகளுக்கு வருகிறேன். நம் பகுதிக்கு இதுதான் கனமான பகுதி.

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்த சட்டம். அதில் பிரிவுகள் குறைவு, அதிகாரம் அதிகம். மத்திய அரசு தேவையானபடி விதி போடலாம், அறிவிக்கை வெளியிடலாம் என்று கொடுத்துவிட்டது. இடிந்தகரையிலிருந்து கூட்டப்புளி வரை கடற்கரையில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று சொல்கிற கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை அப்படி வந்ததுதான். ஒரு தொழிற்சாலை வருவதற்கு முன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும், மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று சொல்கிற 2006 அறிவிக்கையும் அப்படித்தான். இரண்டும் மசோதாவாக அவைக்கு வந்து பிரிவு பிரிவாக வாக்கெடுப்பு நடந்து நிறைவேறியவை அல்ல. அமைச்சகம் எழுதி அரசிதழில் போட்டது. அவையின் மேசையில் வைப்பார்கள். உறுப்பினர் நினைத்தால் திருத்தம் கேட்கலாம், அப்படி யாரும் கேட்பது அபூர்வம்.

ஆனால் இதில் நமக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. இப்படி ஓர் அறிவிக்கையை மாற்றுவதற்கு முன் வரைவை வெளியிட்டு 60 நாள் ஆட்சேபம் கேட்க வேண்டும் என்பது பொதுவான விதி. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது ஊரடங்குக் காலம். ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வைத்திருந்தார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் அவகாசத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டி, எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொன்னது. நாடு முழுக்க லட்சக்கணக்கில் கடிதங்கள் போயின. அந்த வரைவு அப்படியே இறுதியாகவில்லை. ஒரு மசோதாவுக்கு எதிராக அவையில் நடக்காதது, ஒரு வரைவுக்கு எதிராக மின்னஞ்சலில் நடந்தது.

மாநில அரசின் விதிகளும் இதே கதைதான். கல்குவாரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மே மாதம் முன்னீர்பள்ளம் பக்கத்து அடைமிதிப்பான்குளத்தில் குவாரியில் பாறை சரிந்து நான்கு பேர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஆழத்துக்குள் வேலை செய்தவர்களை மீட்கவே நாள்கணக்கானது. குவாரி எங்கே இருக்கலாம், குடியிருப்பிலிருந்து எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதெல்லாம் 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிம விதிகளில் இருக்கிறது. குடியிருப்புக்கு 300 மீட்டர் என்பது அதில்தான். 2021 நவம்பரில் காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று ஓர் அரசாணை வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம் முழுக்கக் காப்புக்காடு இருக்கிற நம் மாவட்டத்துக்கு அது பெரிய பாதுகாப்பு. 2022 டிசம்பரில் இன்னோர் அரசாணை வந்து காப்புக்காடுகளுக்கான ஒரு கிலோமீட்டர் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. அடைமிதிப்பான்குளத்தில் உயிர்கள் போன அதே வருடம். வந்ததும் அரசாணை, போனதும் அரசாணை. சட்டமன்றத்தில் இதற்கென்று வாக்கெடுப்பு இல்லை.

காற்றாலைக்கு வருவோம். ஆனி, ஆடியில் பணகுடி விலக்கில் இறங்கினால் நிற்க விடாத அந்தக் காற்றுதான் நமக்குக் கிடைத்த வரம். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியதில் பணகுடி, ராதாபுரம், வள்ளியூர் வெளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. நான் காற்றாலைக்கு முழு ஆதரவு. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: 2006 அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லை. அதனால் எத்தனை காற்றாலை வந்தாலும் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. ஓடையை மண் போட்டு மூடிப் பாதை போட்டாலும், குளத்துக்கு வரும் நீர்ப்போக்கில் அடித்தளம் வந்தாலும், சொல்வதற்குக் கூட்டம் இல்லை. தாசில்தாரிடமும் நீர்வளத் துறையிடமும் மனுதான். கூந்தன்குளத்தில் செங்கால் நாரையையும் பூநாரையையும் ஊர் மக்களே காலம் காலமாகப் பாதுகாத்து வருகிறார்கள், 2022இல் அது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் வந்தது. அப்படிப்பட்ட நீர்நிலைகளுக்குப் பக்கத்திலாவது பெரிய காற்றாலைத் தொகுப்புக்கு ஒரு கூட்டம் நடத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காற்றாலை வைத்திருப்பவர்களின் குறையும் விதியில்தான் தீர வேண்டியிருக்கிறது. சீசனில் காற்று அடிக்கும்போது மின்தொகுப்பு தாங்கவில்லை என்று நிறுத்தச் சொல்வார்கள். காற்று, சூரிய மின்சாரத்தை முதலில் வாங்க வேண்டும், காரணமில்லாமல் நிறுத்தினால் இழப்பீடு என்று 2021 அக்டோபரில் மத்திய மின்துறை ஒரு விதி போட்டது. 2003 மின்சாரச் சட்டத்தின் கீழ் வந்த விதி. ஆனால் அதே சட்டத்தைத் திருத்த 2022 ஆகஸ்டில் மசோதா வந்தபோது மின்வாரிய ஊழியர்களும் விவசாயிகளும் கொதித்தார்கள். ஒரே ஊரில் ஒரே கம்பியில் பல நிறுவனங்கள் மின்சாரம் விற்கலாம் என்றால், லாபமான நகரத்தை அவர்கள் எடுத்துக்கொண்டு விவசாயப் பம்புசெட்டை வாரியத்தின் தலையில் விட்டுவிடுவார்கள் என்ற பயம். அந்த மசோதா நிலைக்குழுவுக்குப் போய், அந்த மக்களவையின் ஆயுள் முடிந்தபோது காலாவதியானது. மின்சாரம் பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநிலம் பேச முடிகிறது. அணுசக்தி மத்தியப் பட்டியல், அங்கே மாநிலத்தின் சொல் எடுபடுவது கடினம். 2011 செப்டம்பரில் கூடங்குளம் வேலையை நிறுத்தக் கோரித் தமிழக அமைச்சரவை தீர்மானமே போட்டது, அடுத்த மார்ச்சில் அதே அரசு அனுமதித்தது.

2003 சட்டத்தில் நம்மைத் தொடுகிற இன்னொன்று பிரிவு 164. செய்தித்தாளில் தலைப்பாக வருவது கட்டணமும் தனியார்மயமும். வயலுக்குள் வருவது இந்தப் பிரிவு. பழைய தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை மின்பாதைக்கும் கொடுக்க அது வழி செய்கிறது. அதாவது கோபுரம் போட நிலத்தைக் கையகப்படுத்த வேண்டியதில்லை. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும், கோபுரம் உள்ளே நிற்கும். கம்பிக்குக் கீழே தென்னை வைக்க முடியாது. இழப்பீட்டுக்கு 2015இல் வந்த வழிகாட்டுதல் கோபுர அடிப்பரப்புக்கு நில மதிப்பில் 85 சதவீதமும், கம்பி போகும் வழிக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் என்றது. 2024 ஜூனில் அது அடிப்பரப்புக்கு 200 சதவீதம், வழிக்கு 30 சதவீதம் என்று உயர்ந்தது. கம்பி இழுக்க யாராவது வந்தால், எந்த வழிகாட்டுதல்படி கணக்குப் போட்டீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வழிகாட்டுதல் என்பது சட்டம் இல்லை, மாநிலம் ஏற்றுக்கொண்டதுதான் செல்லும். அதனால் தமிழ்நாட்டு அரசாணையையும் சேர்த்துக் கேளுங்கள்.

மாநிலச் சட்டமன்றத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 21ஆம் தேதி, கூட்டத்தொடரின் கடைசி நாளில் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டத்துக்கான நிலத்துக்குள் ஓடையோ வாய்க்காலோ குளமோ இருந்தால், அதையும் சேர்த்து ஒரே நிலமாகத் திட்டத்துக்குக் கொடுக்க வழி செய்கிற சட்டம். நிபுணர் குழு, கருத்துக் கேட்பு எல்லாம் உண்டு என்கிறது. கூட்டணிக் கட்சிகளான கம்யூனிஸ்டுகளே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. தாமிரபரணி வாய்க்கால்களையும் மானாவாரிக் குளங்களையும் நம்பி இருக்கிற மாவட்டம் நம்முடையது. ஒரு குளம் என்றால் அதன் தண்ணீர்ப் பரப்பு மட்டும் இல்லை, மேலே இருக்கிற குளத்தின் மறுகாலும் கீழே இருக்கிற குளத்தின் வரத்தும் சேர்ந்ததுதான். நடுவில் ஒன்றைத் திட்டத்துக்குள் இழுத்தால் கீழே நான்கு குளம் காயும். இதை ஒரு நாள் முழுக்க விவாதித்திருக்க வேண்டும்.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி, எங்கே வாய் திறப்பது என்பது. கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளுக்கு ஒப்பந்தம் போட்டது 1988இல், சுற்றுச்சூழல் அனுமதி 1989இல். மக்களிடம் கேட்க வேண்டும் என்ற விதியே அப்போது இல்லை. முதல் மதிப்பீட்டு அறிவிக்கை 1994இல்தான் வந்தது. இடிந்தகரை மக்கள் 2011இல் பந்தலில் உட்கார்ந்தபோது, இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று சிலர் கேட்டார்கள். உட்கார்ந்து பேசுவதற்கு 1989இல் யாரும் நாற்காலி போடவில்லை என்பதுதான் பதில். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலையை அனுமதித்து, பாதுகாப்புக்காக 15 கட்டளைகள் போட்டது. அடுத்த உலைகளுக்கு 2007இல் கருத்துக்கேட்பு நடந்தது. பயன்படுத்திய எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கும் கிடங்குக்கு 2019 ஜூலை 10ஆம் தேதி ராதாபுரத்தில் கூட்டம் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் தள்ளிவைத்தார்கள்.

இந்தக் கருத்துக்கேட்புக் கூட்டத்தைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். குறைந்தது 30 நாள் முன்னால் நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். முழு அறிக்கை ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் பார்வைக்கு இருக்கும். ஆட்சியரோ அவர் சார்பில் உயர் அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்த வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும், முடிவில் பேசியதன் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் வாசித்துக் கையெழுத்திட வேண்டும்.

ஒரு குவாரிக்கான கூட்டம், கல்யாண மண்டபத்தில் நடந்தது. முன்வரிசை முழுக்கக் கம்பெனி அழைத்து வந்தவர்கள், வேலைவாய்ப்பு வரும் என்று ஒருவர் மாற்றி ஒருவர் வாழ்த்தினார்கள். எதிர்த்தவர்கள் கோபத்தில் மைக்கைப் பிடித்து அரசியல் பேசினார்கள், அதிகாரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. அப்புறம் வயதான ஒரு சம்சாரி எழுந்தார். கையில் கிராம வரைபடத்தின் நகல். "ஐயா, உங்க அறிக்கையில முந்நூறு மீட்டருக்குள்ள ஓடை எதுவும் இல்லன்னு போட்டிருக்கு. இந்தப் படத்துல ஓடை இருக்கு, சர்வே நம்பர் இது. எங்க குளத்துக்கு அதுலதான் தண்ணி வருது. இதுக்கு என்ன பதில்?" என்றார். ஆலோசனை நிறுவனத்தின் இளைஞர் தாளைப் புரட்டினார், பதில் வரவில்லை. அதிகாரி அந்த நகலை வாங்கி, சர்வே எண்ணோடு எழுதச் சொன்னார். குறிப்பில் ஏறிய கேள்விக்கு, அனுமதியைப் பரிசீலிக்கிற நிபுணர் குழு முன் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும். இரண்டு நிமிடம் பேசியவர் செய்தது அது.

அவரைப் போலத் தயாராகப் போங்கள். எந்த சர்வே எண் எந்த வகை நிலம் என்று சொல்கிற அ-பதிவேடு, கிராம வரைபடம், குளம் பாசனம் தரும் நிலத்தைச் சொல்கிற ஆயக்கட்டுக் கணக்கு. பேசியதை எழுத்திலும் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இடையில் உங்கள் எம்.பி.யையும் சும்மா விடாதீர்கள். பூஜ்ய நேரத்தில் பேசச் சொல்வதைவிட, எழுத்துப்பூர்வக் கேள்வி போடச் சொல்வது பலன் தரும். மக்களவையில் ஒரு நாளைக்கு எழுத்தில் பதில் தரும் கேள்விகள் 230 வரை உண்டு. கிடங்குக்கான அனுமதி எந்த நிலையில் இருக்கிறது, 15 கட்டளைகளில் எது எது நிறைவேறியது என்று குறிப்பாகக் கேட்டால் அமைச்சர் குறிப்பாகப் பதில் தர வேண்டும். "பரிசீலிக்கிறோம்" என்று சொன்னால் அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்தில் நிறைவேற்றாவிட்டால் உறுதிமொழிகளுக்கான குழு கேட்கும். கேள்வியை நீங்களே ஐந்து வரியில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். எம்.பி. அலுவலகத்துக்கு அது உதவிதான்.

கடைசியாகத் தீர்ப்பாயம். சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் தருவார்கள். அதற்கு மேல் ஒரு நாள் கடந்தாலும் எடுக்க மாட்டார்கள். நல்ல வழக்குகள் பல இந்தத் தேதியில்தான் தோற்கின்றன. அனுமதிக் கடிதத்தை மத்திய அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பார்க்கலாம். உங்கள் தாலுகாவில் ஏதாவது திட்டம் நிலுவையில் இருந்தால் வாரம் ஒரு முறையாவது அதைத் திறந்து பார்க்க ஊரில் ஒருவரை இன்றே ஏற்பாடு செய்துவிடுங்கள்.